சோறு போட்ட வருசம்

பெய்கிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத மழை. ஆவணி மாதத்தில் கரடியூர்ப் பக்கம் அப்படித்தான். சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு சாமைக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்த மாதம்மாளுக்கு, நிமிர்ந்தபோதுதான் முதுகு முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது. ஓடையிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் பாதிக் காட்டை மறைத்திருந்தது. அதற்குள்ளிருந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மகள் அமுதா வந்தாள். காலையில் முதல் பஸ்ஸில் ஏற்காடு போனவள்.

"என்ன கண்ணு சொன்னாங்க?"

"தாத்தா வேணுமாம்."

"ஆரு தாத்தா?"

"அப்பாவைப் பெத்தவரு. அவரைக் கொண்டாந்து காட்டுனா சர்டிபிகேட் குடுப்பாங்களாம்."

சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது. வரப்பின் ஈரத்தையும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மலைச்சாதிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடம். மாதக் கடைசிக்குள் ஜாதிச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்து நிற்கிற பெண்ணுக்குப் போய்விடும். சான்றிதழுக்கு அப்பா வழியில் ஏதாவது ஓர் எழுத்து வேண்டும் என்றார்கள். அப்பா அங்கப்பன் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பள்ளிக்கூடம் போகாதவன். குடியிருக்கும் வீடும் உழுகிற காடும் மாதம்மாளின் அப்பா பெயரில் இருந்தன.

"சனத்தொகை எடுக்க வந்தவங்க கதவுல நம்பர் போட்டுட்டுப் போனாங்களே, அதுல இருக்காதா?"

"கேட்டேம்மா. அது தலை எண்ணுறதுக்கு மட்டுந்தானாம். பேரை வெளிய காட்டமாட்டாங்களாம்." அமுதா பாவாடை ஓரத்தைப் பிழிந்தாள். "பழைய மணியக்காரருங்க பொறப்பு எறப்பு எழுதின புஸ்தகமெல்லாம் அங்க அடுக்கி வெச்சிருக்காங்களாம். அதுல செத்தவங்க ஜாதியும் எழுதியிருக்குமாம். வருசம் சொன்னா எடுத்துப் பாக்கறேன்னு கிளார்க்கு சொல்றாரு. தாத்தா எந்த வருசம்மா செத்தாரு?"

மாதம்மாள் குனிந்து ஒரு புல்லைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வரவில்லை.

"உங்கொப்பனைக் கேளு," என்றாள்.

அங்கப்பன் வரும்போது அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நிழல் மரம் கழிக்கும் வேலை அவனுக்கு. கொடுவாளைக் கூரை எறவானத்தில் செருகிவிட்டு, மகள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"மூங்கில் பூத்த வருசம் சாமி. நல்லா ஞாபகம் இருக்குது. மூங்கிலரிசிக் கஞ்சியைத்தான் கடைசியா ரெண்டு வாய் குடிச்சாரு."

"மூங்கில் பூத்தது இங்கிலீசு வருசத்துல எதுப்பா?"

"அது மூங்கிலைத்தான் கேக்கணும்."

அமுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கப்பனும் சிரித்தான். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அப்பன் கையில கொடுவாள் கத்துக்கிட்டப்போ எனக்கு உன் பாதி வயசுகூட இருக்காது. எங்கண்ணன் கெளையைப் பிடிச்சிருந்தான். நான் ஓங்குனது அவன் இடது கட்டைவெரல்ல எறங்கிடுச்சு. ரத்தத்தைச் சப்பிக்கிட்டே 'அப்பங்கிட்ட சொல்லாதேடா'ங்கறான். வெட்டுனது நான். சொல்லாதேங்கறது அவன்."

அண்ணனைப் பற்றி அவன் பேசியே வெகு காலம் ஆகியிருந்தது. போன புரட்டாசியில் அண்ணன் வெள்ளையன் இறந்தபோது, ஓடைக்கு அந்தப்பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. அங்கப்பன் காட்டின் விளிம்பில் போய் நின்றான். பொழுது சாயும்வரை நின்றான். தாண்டிப் போகவில்லை.

மாதம்மாள் களியைத் துடுப்பால் அழுத்திக் கிண்டினாள். புகை கண்ணில் பட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மூவரும் ஏற்காட்டு ஆபீஸுக்குப் போனார்கள். ரிக்கார்டு கிளார்க் பெருமாள் அடிவாரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். குளிருக்குக் காதை மறைத்து மப்ளர் கட்டியிருப்பார். பொறுமையான மனிதர். அங்கப்பன் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வருசத்தைப் பிடிக்கப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, மூங்கில் பூத்ததெல்லாம் கவர்மெண்டுக்குத் தெரியாதுங்க. கரடியூருக்கு ரோடு வந்துச்சே, அதுக்கு முந்தியா பிந்தியா?"

"நொம்ப முந்திங்க. எங்களுக்குக் கண்ணாலம் ஆன மறுவருசம்."

"கண்ணாலம் எப்போ?"

அங்கப்பன் திரும்பி வராந்தாவில் நின்ற மாதம்மாளைப் பார்த்தான். "அவ வந்தப்போ எங்கூட்டுக் காப்பி மொதக் காய்ப்புங்க."

"நல்லாப் போச்சு போங்க," என்று பெருமாள் தும்மினார். எப்படியோ கூட்டிக் கழித்து ஒரு வருசத்துக்கு வந்தார். அந்த வருசத்துப் புத்தகத்தையும் அதற்கு முன்னும் பின்னும் இருந்தவற்றையும் எடுத்து வந்து, தூசி தட்டி, விரலை ஓட்டிக்கொண்டே போனார். அமுதா அந்த விரலையே பார்த்தாள்.

"ஐயாக்கண்ணுங்கற பேர்ல ஆரும் சாகலைங்க."

"செத்தாருங்களே," என்றான் அங்கப்பன். "நாந்தானுங்க குழி வெட்டுனேன்."

வராந்தாவில் நின்ற மாதம்மாளுக்கு அந்த நிமிசத்தில் புரிந்துவிட்டது. எந்த வருசத்துப் புத்தகத்தைக் கேட்க வேண்டும் என்று அவளால் சொல்லியிருக்க முடியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

மலையில் ஒருவன் மூச்சு நின்ற அன்றைக்கே முழுதாகச் செத்துவிடுவதில்லை. புதைத்துவிட்டு வருவார்கள். அப்புறம் சாமை விளைந்து, கையில் தெம்பு வந்து, பங்காளிகளையும் ஊரையும் உட்கார வைத்துக் கருமாதிச் சோறு போட்ட பிறகுதான் அவன் கணக்கு முடியும். வெற்றிலை பாக்கோடு மணியக்காரரிடம் போய்ச் சாவைச் சொல்வதும் அப்போதுதான். அதுவரை வீட்டில் அவனுக்கு ஒரு பிடி சோறு எடுத்து வைப்பார்கள்.

ஐயாக்கண்ணு செத்த வருசம் சாமை பொய்த்துவிட்டது. இருந்தது ஒரே ஒரு வெள்ளாடு. மாதம்மாள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்தது, சினையாக இருந்தது. அவளும் முழுகாமல் இருந்தாள். சோறு போட அந்த ஆட்டை வெள்ளையன் கேட்டான். அவள் தர மாட்டேன் என்று அழுதாள். அங்கப்பன் அவள் பக்கம் நின்றான். "அப்பனை விடப் பொண்டாட்டி ஆடு பெருசாப் போச்சா?" என்று வெள்ளையன் ஊரே கேட்கக் கத்தினான். அன்றைக்கே அவர்கள் ஓடையைத் தாண்டி மாதம்மாளின் அப்பா காட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆடு குட்டி போட்டது. அவளுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. உட்காரத் தொடங்கிய பருவத்தில் காய்ச்சல் கண்டு இறந்தது. அந்தப்பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. இவர்களும் சொல்லி அனுப்பவில்லை.

சில வருசம் கழித்து, ஒரு தை மாதத்தில், வெள்ளையன் தனியாகச் சோறு போட்டான். அண்ணன் தன்னைக் கூப்பிடாமலே அப்பனுக்குச் சோறு போட்டுவிட்டான், மகனென்ற கணக்கிலிருந்தே தன்னை எடுத்துவிட்டான் என்பதுதான் அங்கப்பனின் வாழ்நாள் வலி.

ஆனால் அழைப்பு வந்திருந்தது. அங்கப்பன் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், ஊருக்குச் சேதி சொல்லும் வெட்டியாள் சென்றாயன் வந்து, வெற்றிலை பாக்கை மாதம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். செத்த குழந்தைக்கு வராத ஆட்கள். அவள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. வெற்றிலையைக் கிள்ளி, பாக்கை உடைத்து, வாயில் போட்டு மென்றாள். முழுவதையும் மென்று, ஓடைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கேழ்வரகு திரிக்க உட்கார்ந்தாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். சாயங்காலம் அவன் பசியோடு வந்தான்.

"வேற வழியே இல்லைங்களா?" என்று அமுதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா வழியில பங்காளி ஆருகிட்டயாச்சும் சர்டிபிகேட் இருந்தாக் கொண்டா பாப்பா. அதை வெச்சுப் பாக்கலாம்."

அங்கப்பன் திரும்பி வெளியே நடந்தான். கரடியூரில் இறங்கியதும் அமுதா, "நான் பெரியம்மா ஊட்டுக்குப் போறேன். வர்றவங்க வாங்க," என்று சொல்லிவிட்டு ஓடைப் பாதையில் இறங்கி நடந்தாள்.

பின்னால் இரண்டு பேரும் போனார்கள்.

வெள்ளையனின் மனைவி அத்தாயி பலாக்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏன், ஓடை வத்திப்போச்சா? தாண்டி வந்துட்டீங்க."

அத்தாயி அமுதாவைக் கை காட்டினாள்.

"இந்தக் கண்ணு ஆரு?"

"அமுதாங்க பெரியம்மா."

"மூக்கைப் பாத்தாலே தெரியுது. எம் மாமனாரு மூக்கு. உக்காரு சாமி." பலாக்கொட்டை முறத்தை நகர்த்திவிட்டு, உள்ளே போய் வரக்காப்பி வைத்துக் கொண்டு வந்தாள். மூன்று டம்ளர். மாதம்மாளுக்குக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. நிதானமாக உட்கார்ந்து அமுதா சொன்னதைக் கேட்டாள்.

"எங்கூட்டுல ஏது கண்ணு சர்டிபிகேட்? எம் மவன் மாரியப்பன் எட்டாவதோட நிறுத்திட்டு எஸ்டேட்டு ஜீப்பு ஓட்டப் போயிட்டான். ஆமா, எந்த வருசத்துல தேடுனாங்க?"

"தாத்தா செத்த வருசத்துலதான்."

அத்தாயி தொடையில் தட்டிக்கொண்டாள். "செத்த வருசத்துல தேடினா எப்படிக் கெடைப்பாரு? சோறு போட்ட வருசத்துல தேடச் சொல்லுங்க! சோறு போடாம மணியக்காரர்கிட்டப் போயி அப்பன் செத்தான்னு சொல்ற மலைக்காரன் எவன் இருக்கான்? ஏனுங்க கொழுந்தனாரே, கீழ்நாட்டு ஆளுங்க ஆபீஸைப் பாத்ததும் புத்தியும் கீழ்நாட்டுக்குப் போயிடுச்சா? மாரியப்பன் வயித்துல ஏழு மாசம், அப்பத்தான் சோறு போட்டோம். அவன் பள்ளிக்கூடக் காயிதம் பொட்டியில கெடக்குது. அதை வெச்சு எண்ணிக்கட்டும்."

அமுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கப்பன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்தச் சோத்துக்கு என்னைக் கூப்பிடலைங்களே அண்ணி."

"கூப்பிடலையா?"

"இல்லைங்க."

"சென்றாயன்கிட்ட வெத்தலை பாக்கு குடுத்தனுப்பினாரே உங்கண்ணன். உங்க எலையைப் போட்டு வெச்சுக்கிட்டுப் பந்தியே ஆரம்பிக்காம நின்னாரு. ஊரு பசியில முணுமுணுக்குது. கடைசியில அந்த எலையில நாய் வாய் வெச்சிடுச்சு. அன்னிக்குத்தான் அவரு அழுது நான் பாத்தது."

சொல்லிக்கொண்டே வந்த அத்தாயியின் பார்வை மாதம்மாள் மேல் வந்து நின்றது. மாதம்மாள் தலை குனியவில்லை. குனிய முடியவில்லை என்பதுதான் சரி. அத்தாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சென்றாயன் குடிகாரப் பய. வழியில எங்காச்சும் விழுந்து கெடந்திருப்பான்," என்றாள். "அவனும் போய்ச் சேந்துட்டான். விடுங்க."

"அந்தப் பாவி," என்றான் அங்கப்பன். "நான் அவனுக்குத் தோள் குடுத்தேனுங்க அண்ணி. அவன் செத்தப்போ பாடையைத் தூக்குனேன்."

"விடுங்க கொழுந்தனாரே."

மழை கூரையில் சரசரத்தது.

"அன்னிக்கு என்ன கொழம்பு வெச்சீங்க அண்ணி?"

"மொச்சைக் கொழம்பு. ஆடு இல்லை."

அவன் தலையாட்டினான். அந்தச் சோற்றை இப்போதுதான் உண்டவன் போல வாயைத் துடைத்துக்கொண்டான்.

புறப்படும்போது அத்தாயி வாசல்வரை வந்தாள். "புஸ்தகத்துல உங்க பேரும் இருக்கும். 'புள்ளைங்க ரெண்டு பேரும் வந்து சொன்னோம்'னு சொல்லிட்டு வந்தவரு அவரு. ஒரு பேரு போதும்னு நான் சண்டை போட்டேன், கேக்கலை." பிறகு குரலைத் தணித்து, "தையில அவருக்குச் சோறு போடணும். மாரியப்பன் சம்பளத்துல என்ன முடியுமோ அது," என்றாள்.

அது தன்னிடம் சொன்னது என்று மாதம்மாளுக்குத் தெரிந்தது.

அன்று முழுக்க அங்கப்பன் சென்றாயனைத் திட்டிக்கொண்டே இருந்தான். மாட்டையும் கிடாவையும் கட்டும்போது திட்டினான். சாப்பிட உட்கார்ந்து, திட்டிவிட்டு, பாதியில் எழுந்தான். "செத்தவனைத் திட்டாதீங்க," என்றாள் மாதம்மாள். "ஏன் திட்டக்கூடாது? எங்கண்ணனைத் தின்னுட்டானே!" சென்றாயனுக்கு ஒரு மகள் கரடியூரில் டீக்கடை வைத்திருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கையில் அவள் வழக்கம்போல, "வாங்க மாமா, டீ குடிங்க," என்று கூப்பிட்டாள். அங்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையில் டீ கிளாஸோடு அவள் விழித்து நின்றதை மாதம்மாள் பார்த்தாள். பஸ் ஏறிய பிறகும் அந்தக் கிளாஸின் ஆவி கண்ணிலேயே நின்றது.

அத்தனை வருசம் அந்த வெற்றிலையின் கசப்பைத் தனக்குள்ளேயே வைத்துச் சமாளித்திருந்தாள். அது தன் வாய்க்குள் மட்டும் இருக்கும் என்று நம்பியிருந்தாள். இப்போது வழியில் போகிறவர்கள்மேல் எல்லாம் தெறித்தது.

பெருமாள் மாரியப்பனின் பள்ளிக்கூடக் காகிதத்தைப் பார்த்து, விரல் மடக்கி, உள்ளே போய் வேறொரு புத்தகத்தோடு வந்தார். தை மாதத்துப் பக்கங்களைப் புரட்டினார். விரல் நின்றது.

"இருக்காருங்க பாப்பா உங்க தாத்தா!"

அமுதா மேசையைப் பிடித்துக்கொண்டாள். பெருமாள் உரக்கப் படித்தார். "ஐயாக்கண்ணு. வயசு அறுபது. ஜாதி மலையாளி. ஊர் கரடியூர். இங்கத்த மலைக்காரங்களைக் கவர்மெண்டு மலையாளின்னுதான் எழுதுமுங்க, அது போதும். தகவல் சொன்னவங்க, மகன்கள் வெள்ளையன், அங்கப்பன். ரெண்டு கைநாட்டு. ஏனுங்க பெரியவரே, நீங்களே வந்து பதிஞ்சிட்டுப் போயி, நீங்களே மறந்துட்டீங்களா?"

அங்கப்பன் குனிந்து பார்த்தான். எழுத்து அவனுக்குத் தெரியாது. ரேகை தெரிந்தது. மங்கிப்போன இரண்டு நீலப் பொட்டுகள். ஒன்று முழுசாக இருந்தது. மற்றதன் குறுக்கே மை ஒட்டாத வெள்ளைக் கோடு ஒன்று சாய்வாக ஓடியது. அவன் தன் விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான்.

"இது என் வெரல் இல்லைங்க."

"அப்பா," என்றாள் அமுதா.

"எங்கண்ணனோட இடது கையிங்க. நான் வெட்டுன தழும்பு இது. நான் அன்னிக்கு வரலைங்க. எனக்குப் பதிலா அவனே பதிஞ்சிருக்கான்."

பெருமாள் மப்ளரைத் தளர்த்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "பெரியவரே, உங்க பேரு இருக்குது, உங்கப்பன் பேரு இருக்குது. அது போதும். புள்ளை படிக்கட்டும். பேசாம இருங்க."

"வரலைங்க. பொய் எதுக்கு? என்னைக் கூப்பிட வந்த ஆளு..."

"வந்தாருங்க," என்றாள் மாதம்மாள்.

வராந்தாவிலிருந்து எப்போது உள்ளே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெருமாளைப் பார்த்துத்தான் சொன்னாள். புருசனைப் பார்த்தால் சொல்ல வராது. "சென்றாயன் வந்து வெத்தலை பாக்கு குடுத்துட்டுத்தான் போனாருங்க. வாங்குனது நான். இவருகிட்டச் சொல்லலைங்க. இவரு மேல தப்பு இல்லை, அந்த ஆளு மேலயும் இல்லை. அதையும் அதுல எழுதிக்கிடுங்க."

அமுதா அம்மாவையே பார்த்தாள். பெருமாள் பேனாவைத் திறந்து, மூடினார்.

"அதை எழுத இதுல எடம் இல்லைங்கம்மா," என்றார்.

நகல் எடுத்துத் தர மத்தியானம் ஆனது. வெள்ளிக்கிழமை சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பஸ்ஸில் அங்கப்பன் டிரைவருக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்தான். அமுதா நகலை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். சந்தோசப்பட வேண்டிய பெண். நடுவில் ஒரு தடவை மட்டும், "ஏம்மா?" என்றாள். மாதம்மாள் ஜன்னல் வழியே பார்த்தபடி, "உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான் கண்ணு," என்றாள். அந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறந்ததையும் யாரும் போய்ச் சொல்லவில்லை, இறந்ததையும் சொல்லவில்லை. அதற்கு மேல் அவளால் விளக்க முடியவில்லை. விளக்கினால் அது நியாயமாகிவிடும் என்று பயமாக இருந்தது.

கரடியூரில் இறங்கியதும் அங்கப்பன் டீக்கடைக்குப் போனான். சென்றாயனின் மகளிடம் டீ வாங்கி, நின்றபடியே குடித்தான். கிளாஸைத் தானே கழுவி வைத்தான். அவள் ஏதோ கேட்டாள். அவன் அவள் தலையில் கை வைத்துவிட்டு நடந்தான்.

ஓடைக்கும் வீட்டுக்கும் பாதை பிரிகிற இடத்தில் நின்றான். அமுதா முன்னால் போய்விட்டிருந்தாள். மாதம்மாள் வந்து சேரும்வரை நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆட்டை அவுத்துக்கிட்டு வா," என்றான். "தை வரைக்கும் அங்க மேயட்டும்."

அவ்வளவுதான். ஓடைப் பக்கம் இறங்கிவிட்டான்.

அவள் வீட்டுக்குப் போய் ஆட்டை அவிழ்த்தாள். கொழுத்த கிடா. வழியெல்லாம் சாமைப் பயிருக்குக் கழுத்தை நீட்டியது. அவள் அடிக்கவில்லை, தழையை ஒடித்துக் காட்டிக் காட்டிக் கூட்டி வந்தாள். மழையில் ஓடை முழங்காலுக்கு மேல் ஓடியது. ஆடு தண்ணீரில் கால் வைக்க மறுத்தது. கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, நான்கு காலையும் சேர்த்து, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இத்தனை கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நடு ஓடையில் ஒரு முறை கால் வழுக்கி, சமாளித்து நின்றாள். கை கொடுக்க அவன் கரையில் நிற்கிறானா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

சேற்றில் மேலேறிப் போன காலடிகள் மட்டும் இருந்தன. மழை அவற்றிலும் தேங்கத் தொடங்கியிருந்தது.